பொறும்

9 ஆகஸ்ட் 2006, புதன் – சோஹார், வளைகுடா

ஊருக்குப் போக லீவு கிடைத்துவிட்டது. மூன்று கிழமையாக விண்ணப்பத்தை மேசையில் வைத்து அடைகாத்த மேனேஜர், இன்று நான் நேரே போய், "இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், மாப்பிள்ளை இல்லாமல் கலியாணத்தை நடத்தச் சொல்கிறேன்" என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்கிறான் உபுல். அவன் கன்ட்ரோல் ரூம் ஒப்பரேற்றர், குருநாகல்காரன், என்னோடு வேலை செய்த சிங்களவர்களில் நேரத்துக்கு வரும் ஒரே ஆள். மெதுவாகச் சொல்லியிருந்தால் அடுத்த வருசம்தான் போயிருப்பேன்.

ஆகஸ்ட் கடைசியில் இணுவிலில் கலியாணம். கொழும்பில் இறங்கி பஸ் எடுத்தால் ஏ-9 பாதை. ஓமந்தையிலும் முகமாலையிலும் ஆமிக்கு ஒருமுறை, இயக்கத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து காட்டினால் யாழ்ப்பாணம்.

கலியாணம் முடிந்து சங்கீதா வந்தால் இருக்க ஒரு சின்னப் பிளாற் எடுத்திருக்கிறேன். ஒரு அறை, ஒரு குசினி. ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று. கம்பனிக் காம்பில் என் அறையில் இருக்கும் மாயாண்டி அண்ணை, ராமநாதபுரத்துக்காரர், பைப் பிற்றர், வந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, ஆளு வர்றதுக்குள்ளயே மறைப்பு கட்டியாச்சா?"

வெட்கமாகப் போய்விட்டது. திரை நீலம். அவள் சொன்ன நிறம்.

12 ஆகஸ்ட், சனி

பாதை பூட்டு.

நேற்றுப் பின்னேரம் முகமாலையில் சண்டை தொடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. மொபைல் எல்லாம் செத்துவிட்டது. காகிதத்தில் மட்டும் இன்னமும் சமாதான காலம், ஒப்பந்தத்தை இரண்டு பகுதியும் கிழிக்கவில்லை. சைற்றில் நான் பார்க்கும் மீற்றர் ஒன்று இப்படிக் காட்டினால் கழற்றிக் குப்பையில் எறிவேன்.

20 ஆகஸ்ட்

போன் இல்லை.

3 செப்ரெம்பர், ஞாயிறு

இன்று கிடைத்தது. பக்கத்து வீட்டு மாஸ்டரின் லான்ட்லைன். அவளைக் கூப்பிட்டு வரும்வரை போன் கார்ட்டில் பாதி கரைந்தது.

பயப்பட ஒன்றுமில்லை என்றாள். சீனி இல்லை, மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடிய முன்னமே வரிசை. பிறகும் பயப்பட ஒன்றுமில்லை என்றாள். கலியாண நாள் போன கிழமை கடந்துபோனதைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல் விடுகிறார்களாம். ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். "கப்பலுக்குப் பதிஞ்சுபோட்டு வாரும், கொழும்பில கலியாண எழுத்தை முடிப்பம்" என்றேன். அவளின் அப்பா, தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர், போனை வாங்கினார்.

"தம்பி, பொம்பிளைப்பிள்ளையைத் தனியக் கப்பல்ல ஏத்தி அனுப்பேலுமே? எப்பிடியும் பேச்சுக்குப் போவினம். பாதை திறக்கும். நாங்கள் எல்லாரும் ஒண்டா வருவம்."

"மாமா, அவை பேசிப் பேசி நாலு வருசம். அதுக்கிடையில நான் ரெண்டு பிளான்ற் கட்டி முடிச்சிட்டன்."

லைன் கட்டா, மனிதர் வாயை மூடிக்கொண்டாரா, தெரியவில்லை.

17 செப்ரெம்பர்

சங்கீதா கப்பலுக்குப் பதிந்துவிட்டாளாம். வெள்ளவத்தைச் சித்தி சொன்னா. இந்தக் கலியாணத்தைப் பேசி வைத்ததே சித்திதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இப்போது அவதான் சமாதானத் தூது போகும் நோர்வே. பெயர் வர எவ்வளவு காலமாகும் என்றால் ஒருவருக்கும் தெரியாது. சனம் ஆயிரக்கணக்கில் நிற்கிறதாம்.

5 ஒக்ரோபர், வியாழன்

ஜெனீவாவில் மாதக் கடைசியில் பேச்சு. மெஸ்ஸில் நியூஸ் பார்த்துவிட்டு மாயாண்டி அண்ணை ஓடி வந்தார்.

"மாப்ள! பேசப்போறாங்களாம்டா!"

"எங்கட ஊரில பேசுறதெண்டா ஏசுறது அண்ணை. சாதாரணமாச் சொல்லுறதைக் கதைக்கிறது எண்டுவம்."

"அடப்பாவி. அப்ப பேச்சுவார்த்தைன்னா?"

"ஏச்சுவார்த்தை."

வயிறு குலுங்கச் சிரித்தார். நானும்தான். ஆனால் மனதில் ஒரு மூலையில் – சரி, எழுதிவிடுகிறேன் – ஒரு மூலையில் கொஞ்சம் நம்பினேன். வெட்கக்கேடு.

12 ஒக்ரோபர்

நேற்று முகமாலையில் பெரிய சண்டை. ஆமியில் இருக்கும் உபுலின் தம்பி அங்கேதான். உயிர் இருக்கிறது, ஒரு கால் இல்லை. மதியம் உபுல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடினான். என்ன சொல்வதென்று தெரியாமல், "எந்தக் கால்?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது! அவன் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

15 ஒக்ரோபர்

உபுல் வாக்கிடோக்கியில் மட்டும்தான் கதைக்கிறான். நான் வெளியே, அளவை உள்ளே அனுப்பும் ட்ரான்ஸ்மிற்றருக்குப் பக்கத்தில், அவன் உள்ளே கொம்பியூட்டர்த் திரைக்கு முன்னால், அளவு சரியாக வருகிறதா என்று பார்க்கிறோம். "ஐம்பது சதவீதம் தருகிறேன்." "ஐம்பது சதவீதம், சரி." "ஸ்டாண்ட்பை." "ஸ்டாண்ட்பை, சரி." கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும், அது சட்டம். திருப்பிச் சொல்லாமல் ஒருவரும் ஒரு வால்வைத் தொடக்கூடாது. சொந்தக் கதை கதைக்காமலே இரண்டு பேர் நாள் முழுக்கக் கதைக்கலாம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

19 ஒக்ரோபர், வியாழன்

அவள் பெயர் வந்துவிட்டது! திங்கட்கிழமைக் கப்பல்.

சைற்றில் நிற்கும்போது அவளே போன் எடுத்தாள். மாஸ்டர் வீட்டில் காசு கொடுத்து எடுத்திருக்க வேண்டும். "நாளைக்கே கந்தோரில போய் ஓம் எண்டு சொல்லோணும். இல்லாட்டி இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திடுவினம். அப்பா சொல்லுறார் ஜெனீவா முடிய விட்டு எல்லாருமாப் போகலாமெண்டு. நான் தனிய வரட்டோ, இல்ல..." அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கொம்பிரசரில் காற்றைத் திறந்துவிட்டார்கள். காது கிழிந்தது. "பொறும்! பொறும்!" என்று கத்திக்கொண்டு கேற் பக்கம் ஓடினேன். காதில் வைத்தால் லைன் இல்லை.

திருப்பி எடுத்துப் பார்த்தேன். இரவு வரை எடுத்தேன். கிடைக்கவில்லை. பரவாயில்லை. என் பதில் அவளுக்குத் தெரியும். ஒன்றரை மாதமாக ஒரே பதில்தானே சொல்கிறேன்: வாரும்.

வியாழன் கொழும்புக்கு ரிக்கற் போட்டுவிட்டேன்.

22 ஒக்ரோபர்

லைன் இல்லை. பெருநாள் லீவு. பிளாற்றைக் கூட்டிக் கழுவினேன். காஸ் சிலிண்டர் வந்தது. மாயாண்டி அண்ணை ஒரு பிரஷர் குக்கர் வாங்கித் தந்தார். "கல்யாணப் பரிசு. சோறு குழைஞ்சா குக்கரச் சொல்லு, அந்தப் புள்ளையச் சொல்லாத. உன் வாயி எனக்குத் தெரியும்" என்றார்.

24 ஒக்ரோபர், செவ்வாய்

கப்பல் வந்துவிட்டது. சனம் பஸ்ஸில் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. சித்தி போய் நின்று பார்த்திருக்கிறா. கடைசி ஆள் இறங்கும்வரை.

அவள் இல்லை.

25 ஒக்ரோபர்

மூன்று முறை எழுதி வெட்டிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விடிய லைன் கிடைத்தது. எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். "ஏன் ஏறேல்லை? பயமே? அப்பா விடேல்லையே?"

அவள் ஒன்றும் விளங்காதவள் மாதிரி, "நீங்கள்தானே பொறும் எண்டனீங்கள்" என்றாள்.

"எப்ப?" என்றேன்.

"நான் ஏறத்தான் இருந்தனான். உடுப்பெல்லாம் அடுக்கியாச்சு. கப்பலோ, பேச்சு முடியுமட்டும் பாப்பமோ எண்டு கேக்க, நீங்கள் ரெண்டு தரம் பொறும் எண்டீங்கள். பிறகு கட். நான் இருந்து யோசிச்சன். இந்த ஒரு வருசத்தில நீங்கள் ஒருக்காக்கூட என்னைப் பொறும் எண்டு சொன்னதில்லை. எல்லாத்துக்கும் அவசரப்படுற மனிசன் பொறும் எண்டா, வெளிநாட்டில இருக்கிறவர், பாதையைப் பற்றி ஏதோ சரியாத் தெரிஞ்சுதான் சொல்லுறார் எண்டு நினைச்சன். அப்பாவுக்குச் சரியான சந்தோசம். மாப்பிள்ளைக்கும் பொறுமை வந்திட்டுது எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறார்."

லைனில் நில்லும் என்றுதான் சொன்னேன். சத்தம், காது கேட்கவில்லை, ஒரு நிமிசம் நில்லும் என்று. அவ்வளவுதான். போனில் நாங்கள் எல்லாரும் அதைத்தானே சொல்லுறம்! அவள்கூட என்னிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறாள், பொறுங்கோ, அம்மா கூப்பிடுறா. பொறுங்கோ, கதவைச் சாத்திட்டு வாறன்.

இதைச் சொல்லவில்லை. "ஓம்" என்றேன். "ஜெனீவா முடியட்டும்" என்றேன்.

அவள் இடத்தை நெஞ்சு வருத்தக்காரக் கிழவர் ஒருவருக்குக் கொடுத்தார்களாம். அவரோடு கோபிக்கவும் முடியவில்லை.

ரிக்கற்றைக் கான்சல் பண்ணினேன்.

28 ஒக்ரோபர், சனி

ஜெனீவாவில் தொடங்கிவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், பூச்சாடி. நான் வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் பொய்க் காய்ச்சல்.

இவ்வளவு நாளும் இவர்களைப் பழித்தேன். இப்போது சூட் போட்ட அந்த இரண்டு கூட்டமும் என் ஒரு சொல்லைச் சரிக்கட்டித் தர வேண்டும் என்று ரீவிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். பாதையைத் திற. வேறொன்றும் வேண்டாம். திறந்துவிட்டால் நான் பொறும் என்றது சரியாகிவிடும். அவளின் அப்பா சொன்னதும் சரியாகிவிடும். சரியாகட்டும், எனக்கென்ன, அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டட்டும்.

29 ஒக்ரோபர், ஞாயிறு

பாதையைத் திறந்தால்தான் மேலே கதைக்கலாம் என்கிறது இயக்கம். அது அரசியல் தந்திரம், திறக்க மாட்டோம் என்கிறது அரசாங்கம். முடிந்தது. அடுத்த பேச்சுக்குத் திகதிகூட இல்லை.

ஒரே ஒரு பாதை. அதில் எங்கள் சனம்தான் போய்வந்தது, அதைப் பிடித்து இழுத்து இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள்.

மாயாண்டி அண்ணை வாசலில் நின்று மெல்லக் கேட்டார். "பேசுனாங்களா, மாப்ள?"

"பேசினவை அண்ணை" என்றேன். "எங்கட ஊர்ப் பேச்சு."

அவர் சிரிக்கவில்லை.

30 ஒக்ரோபர்

வேலைக்குப் போனேன். காலையில் வாக்கிடோக்கியில் உபுல் வழமை போல எண்களைச் சொன்னான். நடுவில் நிறுத்தி, "மச்சான், பாதை திறக்கவில்லையாம், நியூசில் பார்த்தேன்" என்றான். எல்லாருக்கும் பொதுவான சனலில், முழு சைற்றும் கேட்க.

"பாதை திறக்கவில்லை, சரி" என்றேன். பழக்கதோசம்.

18 நவம்பர்

திரும்பப் பதிந்தாள். பழைய பதிவு செல்லாதாம். ஒருமுறை வந்த இடத்தை வேண்டாம் என்றவள் ஏன் திரும்பக் கேட்கிறாள் என்று கந்தோரில் விசாரணை. என்ன சொன்னீர் என்று கேட்டேன். "கலியாணம் தள்ளிப்போச்சுது எண்டு சொன்னன். பொய் இல்லைத்தானே" என்றாள்.

2 டிசெம்பர், சனி

சொல்லிவிட்டேன்.

பொய்யாக ஒரு கணக்கை வைத்துக்கொண்டு எனக்கு இருக்கத் தெரியாது. ட்ரான்ஸ்மிற்றர் பிழையாகக் காட்டினால் திருத்த வேண்டும், அவ்வளவுதான். "அண்டைக்கு நான் உம்மைக் கப்பலில ஏற வேண்டாமெண்டு சொல்லேல்லை. சத்தத்தில கேக்கேல்லை, லைனில நில்லும் எண்டுதான் சொன்னனான்" என்றேன். ஒரே மூச்சில்.



"அப்ப, நான் கேட்டதுக்கு நீங்கள் மறுமொழி சொல்லவே இல்லை."

"இல்லை."

"அந்தக் கிழமை முழுக்க நான் நல்ல சந்தோசமா இருந்தனான்" என்றாள். "நீங்கள் இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்."

எது சரியென்று இப்போதும் தெரியவில்லை. இதைக் கேட்க எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள். மாயாண்டி அண்ணையிடம் சொன்னேன். "நெசத்தச் சொல்றதுக்கும் ஒரு நேரம் இருக்குடா, வெளக்கெண்ண" என்று பேசினார். அவர் ஊர்ப் பேச்சு இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சு.

23 டிசெம்பர்

சித்தி எடுத்தா. "தம்பி, மனசை விடாதை. பொம்பிளை வீட்டார் கலியாணப் பேச்சை முறிக்கேல்லை. ஒத்திவைக்கினமாம்."

"திகதி?"

"திகதி சொல்லேல்லை."

நியூஸ் வாசிக்கிற மாதிரியே சொன்னா.

5 ஜனவரி 2007, வெள்ளி

பிளாற்றை உபுலுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுடைய மனைவி குருநாகலில் இருந்து அடுத்த கிழமை வருகிறாள். பஸ்ஸில் கட்டுநாயக்கா, பிறகு பிளேன், அவ்வளவுதான் அவளுக்குப் பாதை. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தம்பிக்குச் செயற்கைக் கால் அளவெடுத்துவிட்டார்களாம். நான் கேட்காமலே, "இடது" என்றான்.

குசினிக் கதவு இறுக்கம், தூக்கித் தள்ளவேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். திரையைக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டுமே மச்சான், நல்ல நிறம்."

விட்டுவிட்டு வந்தேன். குக்கர் மட்டும் என்னோடு காம்புக்கு வந்தது.

26 ஜனவரி, வெள்ளி

மத்தியானம் சங்கீதா எடுத்தாள். அவளாக எடுப்பது அந்த ஒக்ரோபருக்குப் பிறகு இதுதான்.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கப் போகிறாளாம். பாஸ் பற்றிக் கேட்டேன். "அதை விடுங்கோ" என்றாள். குரல் நன்றாக இருந்தது, சண்டை இல்லை, அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். கன நாளா யோசிச்சுத்தான்..." என்று தொடங்கினாள். பின்னால் யாரோ கூப்பிட்டது போல இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

"பொறுங்கோ" என்றாள்.

லைன் போய்விட்டது.

மாயாண்டி அண்ணை சாப்பிடக் கூப்பிட்டார். வரவில்லை என்றேன். திருப்பி எடுக்க என்னிடம் கார்ட் இருக்கிறது, நம்பர் இருக்கிறது. எடுக்கவில்லை. எடுத்தால் எந்தப் பொறுங்கோ, லைனில் நிற்கவா, கலியாணத்துக்கா, என்று சொல்லிவிடுவாள்.