அந்தோனியாருக்கு வைத்த தாடி

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை.

அன்பு மகன் டெரிக்குக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் தங்கச்சியும் இருக்கிறபடி இருக்கிறோம். வழக்கமாக இந்த இடத்தில் உன் சுகத்தைக் கேட்டு ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக் கதைக்குப் போய்விடுவேன், இந்த முறை அப்படிப் போக முடியவில்லை, கடிதமே உன் சுகத்தைப் பற்றித்தான். போன் இருக்கும்போது அம்மா ஏன் பேப்பரில் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் எடுத்தால் உன் அறையில் கம்பனி ஆட்கள் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நீயும் சரியம்மா பிறகு கதைப்பம் என்று வைத்துவிடுவாய். ஞாயிறும் அப்படித்தான் வைத்தாய், திங்களும் அப்படித்தான். அதனால் எழுதி முடித்ததும் தங்கச்சி றஷ்மியிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். நீ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசி.

வீட்டுப் புதினத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் எழும்புகிற அப்பார்ட்மென்ட் எங்கள் ஜன்னலைத் தாண்டிவிட்டது. ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் சுவர், அப்பா அதில் கலண்டர் கொழுவலாம் என்கிறார். முழங்கால் வருத்தத்தால் அவர் படி இறங்கி நான்கு மாதமாகிறது, கட்டிலுக்கும் டீவிக்கும் நடுவில்தான் அவருடைய பிரயாணம் எல்லாம். முப்பது வருடம் துறைமுகத்தில் கடலைப் பார்த்த மனுஷன். எங்கள் முதலாளி முஸ்அப் தந்த ஃபோம் பலகைகளைக் கூரைக்குக் கீழே அடித்ததில் தகரச் சூடு நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் இருந்த கொஞ்சக் காற்றும் நின்றுவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் வைத்த மீன் மாதிரிப் பழுதாகாமல் இருக்கிறோம் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் உன் அப்பா சொல்லிச் சிரிக்கிறார். றஷ்மி கிருலப்பனைக்கு இரண்டு பஸ் மாறி வகுப்புக்குப் போய் வருகிறாள், வந்ததும் பையை எறிந்துவிட்டு ஃபேனுக்குக் கீழே விழுந்து கிடக்கிறாள். இதுதான் வீடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கந்தோரில் காலையில் முதல் வேலை உனக்குத் தெரியும்தானே, முஸ்அப் கம்பியூட்டரைத் திறந்து ஃபோம் சந்தை நிலவரத்தை உரத்து வாசிப்பார், நான் விலையைக் கொப்பியில் எழுதுவேன். சீனாவில் இந்தக் கிழமை என்ன விலை, கொரியாவில் என்ன விலை, கப்பல் செங்கடலால் வருகிறதா ஆபிரிக்காவைச் சுற்றி வருகிறதா, எல்லாம் எனக்குப் பாடம். குளிர் நாட்டு அரசாங்கம் ஒன்று வீட்டுக் கூரைக்கு ஃபோம் அடிக்கிற சனத்துக்கு உதவி கொடுக்கிறோம் என்று அறிவித்தால் இங்கே கொச்சிக்கடை ஸ்டோர்ஸில் ஃபோம் மருந்துப் பெரல் குறையும், நீர்கொழும்பில் மீனுக்குக் கூல் ரூம் கட்டுகிறவன் போன் எடுத்துக் கத்துவான். அவர்களுக்குக் குளிர் உள்ளே வரக்கூடாது, எங்களுக்குக் குளிர் வெளியே போகக்கூடாது, இரண்டு பேரும் இழுபறிப்படுவது ஒரே பெரலுக்குத்தான். உலகச் சந்தை இன்னும் பத்து வருடத்துக்கு ஏறிக்கொண்டே போகும் என்று முஸ்அப் வாசிக்கிற நாளில் நான் மனதுக்குள் சிலுவை போட்டுக்கொள்வேன். சந்தை ஏறினால் அங்கே கூரைகளுக்கு ஃபோம் அடிக்கிற உன் வேலை நிலைக்கும் என்பதுதான் என் கணக்கு. உங்கள் பக்கம் குளிர் கூட வேண்டும் என்றுகூட வேண்டியிருக்கிறேன், அவ்வளவு விசரி நான். இருபத்திரண்டு வருடம் அந்தப் பெரலின் விலையை எழுதினேனே தவிர, அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளை ஒரு நாளும் வாசிக்கவில்லை.

போன மாதம் சரக்கு அனுப்புகிற வெளிநாட்டுக் கம்பனி, வேலையாட்களுக்கு விளங்குகிற மொழியில் பாதுகாப்புத் தாள் கொடுக்காவிட்டால் இனிப் பெரல் இல்லை என்று எழுதிவிட்டது. சிங்களத்துக்கு ஒருவரைப் பிடித்தார்கள், தமிழுக்கு நான். பதினொரு பக்கம். முகமூடி முகத்தில் ஒட்டும் இடத்தில் ஒரு நாள் வளர்ந்த மயிர்கூட இருக்கக்கூடாது, இருந்தால் மருந்தின் ஆவி அந்த இடைவெளியால் உள்ளே போகும் என்று நானே மொழிபெயர்த்தேன், நானே டைப் அடித்தேன். கை அடித்தது, புத்தி சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தது. போன வியாழக்கிழமை அதை ஸ்டோர்ஸில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அந்த வரி வந்ததும் ஸ்பிரே அடிக்கிற தாடிக்காரப் பெடியன் ஒருவன் கையைத் தூக்கி, அப்ப எங்கட தாடிக்கு என்ன வழி மிஸ் என்று கேட்டான். முஸ்அப் தன் தாடியையும் தடவிக்கொண்டு, அது எங்கட மார்க்க விஷயம், அதை எடுக்கச் சொல்ல மாட்டன், தலை முழுக்க மூடிக் காத்து ஊதுற தொப்பி ஒண்டு இருக்கு, அது வரும்வரைக்கும் நீ ஸ்பிரே துவக்கில கை வைக்காதே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அந்த வரியைத் திரும்ப வாசித்தேன் மகன். உன் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

நீ பயணம் போன கிழமை நான் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் என்ன நேர்த்தி வைத்தேன் என்று உனக்கு மறந்திருக்காது. உனக்கு அந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கிற பேப்பர் கிடைக்கும்வரை தாடியில் கத்தி படாது, கிடைத்ததும் வந்து அவருடைய சந்நிதியில் வழிப்பாய் என்று. இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. கம்பனி இரண்டு தரம் வழிக்கச் சொன்னதையும், நீ அது எங்கட சமய விஷயம், வருவது என் பொறுப்பு என்று சொல்லிப் பேப்பரில் கையெழுத்து வைத்ததையும் போன வருடம் நீ போனில் பெருமையாகச் சொன்னாய். நான் அதைச் செவ்வாய்க்கிழமை நொவேனாவுக்கு வருகிற பெண்கள் அத்தனை பேருக்கும் சொன்னேன். என் பிள்ளை குளிரிலும் விசுவாசத்தை விடவில்லை என்று. இப்போது யோசித்துப் பார்க்கிறேன், எங்கள் சின்ன ஸ்டோர்ஸில் காற்றுத் தொப்பிக்கு ஓடர் போடத் தெரிந்தது, அவ்வளவு பெரிய நாட்டுக் கம்பனிக்கு உன்னிடம் கையெழுத்து வாங்கத்தான் தெரிந்திருக்கிறது. அவர்கள்மேல் கோபப்படுவது சுலபம். ஆனால் உன் தாடையில் அந்த இடைவெளியை வைத்தது அவர்கள் இல்லை, நான்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வாசலில் காவலுக்கு நிற்பவரிடம் பையைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பினால் ஒஸ்வால்ட் அண்ணன் மெழுகுதிரித் தட்டோடு நிற்கிறார். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், எங்கள் கம்பனிக்கு முதன்முதல் ஸ்பிரே அடித்தவர், வத்தளையில் கட்டின கூல் ரூம் எல்லாம் அவர் கை வேலை. பெரலை இந்தத் தெருவில் திறந்தால் அடுத்த தெருவில் அவருக்கு மூச்சு இழுக்கும், அதனால் கந்தோர்ப் பக்கமே வருவதில்லை. பீடியால் வந்த வருத்தம் என்றுதான் இத்தனை காலமும் நாங்கள் கதைத்துக்கொண்டோம், ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நான் கேட்டேன், எப்படித் தொடங்கினது அண்ணை என்று. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், முதல்ல ஒண்டுமில்ல தங்கச்சி, கிழமை நாள்ல மட்டும் இருமல், ஞாயிறு நல்ல சுகம், லீவு எடுத்தா நல்ல சுகம், நான் தூசு எண்டு நினைச்சன், பிறகு நல்ல மாஸ்க் தந்தவங்கள், அதுக்குள்ள நெஞ்சு அந்த மருந்தைப் பழகி வெறுத்துப்போட்டுது, இனி ஒரு துளியும் ஏலாது எண்டு டொக்டர் சொல்லிட்டார் என்று. மாதாவே. வேலை நாளில்தானம்மா இருமல், ஞாயிறு எனக்கு ஒண்டும் இல்லை என்று தைப்பொங்கல் விடுமுறை அன்று நீ சொன்ன அதே வார்த்தை. ஞாயிறு உன்னைக் கூப்பிட்டேன், நீ ஒரு தரமும் இருமவில்லை. திங்கள் கூப்பிட்டேன், ஒரு வசனம் முடிக்க நாலு தரம் நின்றாய். ஞாயிறு நீ இருமியிருந்தால் சளித் தடிமன் என்று நினைத்து நிம்மதியாக இருந்திருப்பேன்.

அன்றைக்கே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதிதாக வந்த இளம் சுவாமி, முதலில் சிரிப்பை அடக்கினது வலைக்குள்ளால் தெரிந்தது, ஃபோம், மாஸ்க், ஆவி என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நேர்த்தியை முறித்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா சுவாமி என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான், நேர்த்தி வச்சது நீங்க, முகம் அவருடையது, இன்னொருத்தற்ற முகத்தை எடுத்துக் காணிக்கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை அம்மா, வேணுமெண்டா உங்கட சொந்தத்தில எதையாவது வையுங்க என்று. எனக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது? தேத்தண்ணி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழு தரம் குடிக்கிறவள் என்று ஊருக்கே தெரியும். விட்டுவிட்டேன். இன்றைக்கு நாலாம் நாள், தலை வெடிக்கிறது, நேற்று முஸ்அப் விலை வாசிக்கும்போது அவரைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்லி ஏசிவிட்டேன், பாவம் அவர் எழும்பிப் போய் எனக்குத் தலையிடிக் குளிசை வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா இந்த வீட்டில் இப்போது மூச்சுவிடவும் பயமாயிருக்கிறது என்கிறார்.

ஆகவே டெரிக், இந்த வரியோடு நேர்த்தி முடிந்தது. அந்தோனியாரோடு நான் கதைத்துவிட்டேன், உனக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லை. இதை வாசித்துக்கொண்டு குளியலறையில்தானே நிற்கிறாய், கத்தியை எடு. மீசையை அழகுக்கு விடுகிறேன் என்று தாடைப் பக்கம் கொஞ்சம் மிச்சம் வைக்காதே, நான் தாளை வாசித்தவள். கம்பனிக்கு, முன்னம் வைத்த கையெழுத்தைத் திரும்ப எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றை உன்னிடம் வைத்திரு. ஆனால் வழித்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதே, ஒஸ்வால்ட் அண்ணனுக்கும் நல்ல மாஸ்க் பிறகு வந்ததுதான். டொக்டரிடம் போய் நான் என்ன வேலை செய்கிறேன், எந்த நாளில் இருமல், எந்த நாளில் சுகம் என்று ஒன்றும் மறைக்காமல் சொல்லு. அவர் போகச் சொல்கிறவரைக்கும் ஸ்பிரே அடிக்கிற இடத்துக்குப் போகாதே. நீ ஏன் இத்தனை நாள் டொக்டரிடம் போகவில்லை என்று எனக்குத் தெரியும். டொக்டர் ஏலாது என்று எழுதினால் கம்பனி உன்னை விடும், விசா அந்தக் கம்பனி பேரில் இருக்கிறது, வேறு இடத்தில் ஒரு நாளும் வேலை செய்ய முடியாது, அதோடு திரும்பி வரவேண்டும். அதுதானே? இந்த இரண்டு வருடமும் பேப்பருக்காக இருமலை ஒளித்துக்கொண்டு ஒரு கூரைக்குள் இருந்து இன்னொரு கூரைக்குள் ஊர்ந்துகொண்டு இருக்கிறாய். அங்கே உன்னைப்போல மாட்டுப்பட்ட வேலையாட்களுக்கு உதவி செய்கிற ஆட்கள் யாராவது இருப்பார்கள், கோயிலில் கேள், தமிழ்ச் சங்கத்தில் கேள், வெட்கப்படாதே. வழி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வா. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் டீவியை நிறுத்திவிட்டு, அவன் வந்தா என்னைப் படியால கீழ இறக்கிக்கொண்டு போவான்தானே என்று மட்டும் கேட்டார்.

அந்தோனியாரிடம் நான் பேப்பரைக் கேட்டேன் மகன். எவ்வளவு கவனமாகக் கேட்டேன், நாட்டின் பேரைச் சொன்னேன், கம்பனியின் பேரைச் சொன்னேன், உன் முழுப் பேரையும் பாஸ்போட்டில் உள்ளபடி சொன்னேன். அந்தப் பேப்பரைக் கையில் பிடிக்க உனக்கு மூச்சு இருக்கவேண்டும் என்று கேட்க மட்டும் மறந்துபோனேன். சனிக்கிழமை அதைத்தான் கேட்டுவிட்டு வந்தேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலில் இப்போது சுவர்தான் இருக்கிறது, நான்கு பேருக்கு இடமும் காணாது, ஆனால் இங்கே நீ வாயை மூடிக்கொண்டு இருமத் தேவையில்லை.

மாதாவும் அந்தோனியாரும் உன் நெஞ்சுக்குக் காவலாக நிற்கட்டும். அப்பா தன் ஆசீரையும் எழுதச் சொன்னார், றஷ்மி தன் பங்குக்குக் கீழே ஏதோ படம் கீறுகிறாள். மறக்காதே, இரண்டு கன்னமும் தாடையும் தெரிய வெளிச்சத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, டொக்டர் எழுதித் தருகிற துண்டையும் படம் எடுத்து அனுப்பு. இரண்டும் வந்த பிறகுதான் அடுப்பில் கேத்தல் வைப்பேன் என்று சுவாமி முன்னால் சொல்லியிருக்கிறேன், றஷ்மி அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

உன் முகத்தை அடகு வைத்த,
உன் அம்மா
யோசெப்பின் யேசுரட்ணம்