பின்சீட்டுக்குக் கேட்காத ரேடியோ

காருக்குள் புது ரேடியோவின் பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. எலுமிச்சம்பழம் வெட்டி வைத்துப் பார்த்தேன், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வேலை முடிந்து வந்து, நாளெல்லாம் வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்தால் குப்பென்று முகத்தில் அடிக்கிறது. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி இது, கடையையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டிருப்பாய். ஆமாம், உன் ரேடியோவை மாற்றிவிட்டேன். தடுக்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் செய்தேன் என்று நினைக்காதே. முழுதும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

அந்த ரேடியோவுக்காக நாம் போடாத சண்டையா? காரோடு கம்பெனியிலிருந்தே வந்தது அது. காரும் கிழடு, அதுவும் கிழடு. எண் காட்டும் திரையில் பாதிக் கோடுகள் செத்துப்போய், எட்டா மூன்றா என்று ஊகிக்க வேண்டியிருந்தது. கேசட் போடும் வாயில் நீ உன் வேலை அட்டையைச் செருகி வைத்திருந்தாய். சாலை மேட்டில் கார் குலுங்கினால் பாட்டு நின்றுவிடும். உடனே ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, ரேடியோவின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓர் அடி போடுவாய். மறுபேச்சில்லாமல் பாடத் தொடங்கும்.

"இத தூக்கிப் போட்டுட்டு ஒரு நல்லது மாட்டுடி" என்று நான் சொல்லாத வாரம் இல்லை.

"கம்பெனி போட்டுக் குடுத்தது. புடுங்கினா காரு என் பேச்ச கேக்காதுலா. நீ சும்மா இரு" என்பாய். அதோடு பேச்சு முடிந்துவிடும். வேறு எதற்கும் நீ இப்படிப் பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல் இன்னும் கூடும்.

சுங்கை லாலாங்கிலிருந்து சுங்கை பட்டாணி கையுறைத் தொழிற்சாலைக்கு ஐந்து பெண்கள் போகும் கார் அது. ஓட்டுவது நீ. உன் பக்கத்தில் நான். பின்னால் பத்மா, கலா, சன்னலோரம் லெட்சுமி அக்கா. வெள்ளி, சனி விடுமுறை போக ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து வேலை நாள். ஆளுக்கு ஒரு நாள் என்று ரேடியோவைப் பங்கு போட்டவள் நீதான். அவரவர் நாளில் அவரவர் கேட்ட நிலையம், மற்றவர் முனகக்கூடாது. ஞாயிறு அக்காவின் பக்திப் பாட்டு. திங்கள் பத்மாவுக்கு, யாராவது போன் செய்து குடும்பச் சண்டையைச் சொல்லி அழும் நிகழ்ச்சி வேண்டும். புதன் கலாவின் புதுப்பாட்டு. வியாழன் என்னுடையது; எதிலும் மனம் நிற்காமல் நான் திருகிக்கொண்டே இருப்பேன். செவ்வாய் உன் நாள். மலாய்க் காதல் பாட்டாக வைத்து, பாதி வார்த்தையை விழுங்கி, கூடவே பாடுவாய். உனக்குக் குரல் கிடையாது, தெரியுமா? யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பத்மாவுக்கு ஒரு நிரந்தரக் குறை இருந்தது. "என் நாளுல எனக்கே கேக்கல. பின்னாடி சத்தமே வரல" என்று முன்சீட்டைப் பிடித்து உலுக்குவாள்.

"பின்னாடி ஸ்பீக்கர் எரிஞ்சு போச்சுடி. காது இருந்தா முன்னாடி நீட்டு."

"மாத்தித் தொலையேன்!"

"மாத்தலாம், மாத்தலாம்."

நீ மாற்றவில்லை. பத்மா உன்னைக் கஞ்சப்பிசினாறி என்று கூப்பிடத் தொடங்கியதும் அதனால்தான். அதற்கும் சிரித்தாய்.

ஒரு வெள்ளிக்கிழமை நாம் எல்லோரும் மீன் வாங்க கோலா கெடா போனோமே, நினைவிருக்கிறதா? திரும்பும் வழியில் ரேடியோ எத்தனை அடிக்கும் மசியவில்லை. வயல் ஓரமாகக் காரை நிறுத்தி, இறங்கி, முன்பக்கம் சுற்றிவந்து, என் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து அதைத் திட்டினாய். "உனக்கு என்ன கொற வச்சேன் நான்?" என்றாய். கார் முழுக்க மீன் வாடை. சிரித்துச் சிரித்துக் கலாவுக்கு விக்கல் எடுத்துவிட்டது. பின்சீட்டில் லெட்சுமி அக்கா மட்டும், மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் தூக்கம் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பக்கவாதத்தில் விழுந்த கணவரை இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்துவிட்டு, அப்படியே வேலைக்குக் கிளம்பி வருகிறவர். கதவைச் சாத்துவதற்குள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிடும். யாராவது பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முதுகை நிமிர்த்திக்கொண்டு தொழிற்சாலை வாசல்வரை கண் சிமிட்டாமல் வருவார். இரக்கம் அவருக்கு ஆகாது.

பிறகு, தலைவலி என்று மருத்துவமனைக்குப் போன நீ வீட்டுக்கு வந்தது வேறு வண்டியில். அதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் கார் சாவியை என் கையில் வைத்தார். "எனக்கு லாரி இருக்கு. இவங்க வேலைக்குப் போவணும்ல. அவ வண்டிய நீயே ஓட்டுமா" என்றார். லைசென்ஸ் எடுத்து அலமாரியில் வைத்ததோடு சரி என்றிருந்த நான் ஓட்டத் தொடங்கினேன். பயத்தில் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும். ஆனாலும் ஓட்டினேன்.

ரேடியோதான் பாடவில்லை. நீ அடித்த இடத்திலேயே நானும் அடித்தேன். மெதுவாக, பலமாக, கெஞ்சி, திட்டி எல்லாம் பார்த்துவிட்டேன். என் கைக்கு அது அசையவில்லை. நான்கு பெண்கள், ஒரு சத்தம் இல்லை. செம்பனை மரங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கண்ணைத் துடைப்போம். தினமும் காலையில் துக்க வீட்டுக்குப் போய் வந்த மாதிரி வேலையில் இறங்குவோம்.

முதலில் கலா நின்றாள். தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். அடுத்து பத்மா, தொழிற்சாலை பஸ்ஸில் போகிறேன் என்றாள். அந்த பஸ் அவள் வீட்டுப் பக்கமே வராது. இருட்டில் பெரிய சாலைவரை நடக்க வேண்டும். "காருக்குள்ள மூச்சு முட்டுதுடி, என்னால முடியல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ சேர்த்துவைத்த கூட்டம் என் கையில் கலைந்துகொண்டிருந்தது. இதுவும் போய்விட்டால் உன்னில் மிச்சம் என்ன இருக்கும் என்று பயந்துபோனேன்.

ரேடியோவை மாற்றப்போகிறேன் என்று லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். அவர் அப்படிக் கோபப்படுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"அவ கை பட்ட சாமான். அத புடுங்கிப் போட உனக்கு எப்படிலா மனசு வருது? நீ மாத்துனா நான் இந்தக் கார்ல ஏறல."

ஏறாவிட்டால் போங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

அடுத்த வெள்ளிக்கிழமை சுங்கை பட்டாணியில் கார் சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சட்டத்தைக் கழற்றி, திருகாணிகளை எடுத்து, உன் ரேடியோவை வெளியே இழுத்தார். டாஷ்போர்டில் ஒரு சதுர ஓட்டை, அதற்குள் தூசியும் வயர்களும். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"பழைய காரு அக்கா. சாக்கெட் சேராது. நடுவுல வேற ஒன்னு போட்டு இணைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே புது ரேடியோவுக்கு வயரைக் கொடுத்து, சோதித்துப் பார்க்க ஒரு பாட்டை வைத்தார். என் முதுகுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணே, பின்னாடி ஸ்பீக்கர் எரிஞ்சு போனதாச்சே?"

"யாரு சொன்னா? புதுசு மாதிரி கத்துது." உன் ரேடியோவை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சத்தம் வைக்கும் திருகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வளையம். "இதுதான்கா சத்தத்த முன்னாடி பின்னாடி பிரிச்சு அனுப்புறது. முழுசா முன்பக்கம் திருப்பி, பசை போட்டு ஒட்டிருக்காங்க. அசையாது பாருங்க. வேணும்னே செஞ்சதுலா இது."

கடை வாசலில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கள்ளி! அக்காவின் தூக்கத்துக்காகச் செய்திருக்கிறாய். சொல்லியிருந்தால் அவர் தூங்கமாட்டார். அதனால் பத்மாவிடம் கஞ்சப்பிசினாறிப் பட்டம் வாங்கிக்கொண்டு, என்னிடம் கம்பெனி அது இது என்று கதை விட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய். ரேடியோவை யார் கழற்றினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும், அதுதானே உன் பிடிவாதம்? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னிடம்கூடச் சொல்லவில்லை. சரிதான், என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். கரண்டி கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

"அந்த மலாய்ப் பாட்டுலேர்ந்து நான் தப்பிச்சது இப்படித்தானா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "தெரிஞ்சிருந்தா நான் கண்ண மூடியிருப்பேனா? அதான் சொல்லல, கழுத."

மூக்கைச் சிந்திவிட்டு அவரே போனை எடுத்து பத்மாவையும் கலாவையும் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம ஒழுங்கா கார்ல வாங்கடி. ரேடியோ பின்னாடியும் பாடுது" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

வந்தார்கள். ஞாயிறு பக்திப் பாட்டு, திங்கள் யாரோ ஒருவரின் மருமகள் கொடுமை. மறுநாள் உன் செவ்வாய் வந்தது. யாரும் ரேடியோவைத் தொடவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே போனது. புது ரேடியோவாலும் அந்த ஒரு நாளை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது எங்களோடு ஷாமினி என்று ஒருத்தி வருகிறாள். பீடோங்கிலிருந்து இங்கே குடிவந்தவள், பொட்டலம் கட்டும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் பழைய இடத்தில், முன்சீட்டில் உட்காருகிறாள். நேற்று செவ்வாய்க்கிழமை. "ஏன்கா இன்னைக்கு ரேடியோ போடல?" என்று கேட்டாள். ஆளுக்கு ஒரு நாள் என்ற வழக்கத்தைத்தான் நான் சொன்னேன்.

"அப்போ எனக்கு எந்த நாளு?"

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாராவது உன் நாளைத் தொட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும் என்று எனக்கே பயம்.

"செவ்வா" என்றது லெட்சுமி அக்காவின் குரல் பின்னாலிருந்து. "இன்னைக்குத்தான். போடு."

கோபம் வரவில்லை. கண்தான் மறைத்தது. ஷாமினி எதையோ வைத்தாள். தகரத்தைப் போட்டு உடைப்பதுபோல ஒரு பாட்டு. பின்சீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அக்காவின் குரல்தான் பெரிது.

அந்த இரைச்சலோடு சிம்பாங் முச்சந்திக்கு வந்தோம். வலது பக்கம் திரும்பிப் பெரிய சாலையில் ஏறும் அந்த இடத்தில், இடது பக்கத்தை எப்போதும் நான்தான் உனக்குப் பார்த்துச் சொல்வேன். நீ போனதிலிருந்து கழுத்தை நீட்டி நீட்டித் தனியாகப் பார்க்கிறேன். பின்னால் வரும் வண்டிகள் ஹார்ன் அடித்துத் தள்ளும், நான் நகரமாட்டேன். நேற்றும் நின்றேன். யாரும் கேட்காமலே ஷாமினி குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் வண்டி இல்லக்கா. போங்க."

முழுக் காரோடு பெரிய சாலையில் ஏறினேன்.