தந்தை: காலமானார்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? முட்டிவலி எப்படி இருக்கிறது? செக்யூரிட்டி வேலையில் நாள் முழுக்க நிற்காமல், ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா இங்கே என்னோடு நன்றாக இருக்கிறாள். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். பிள்ளைகளைப் படிக்கவைக்கும் எங்கள் தொண்டு நிறுவனத்துக்காக, பெரிய அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன். "நாகரிகமா கை நீட்டுறோம்மா, அவ்வளவுதான்" என்பார் பக்கத்து மேசை அண்ணன். "அழுகை ஒரு பாராவுக்கு மேல போகக்கூடாது. அதுக்கப்புறம் அவங்க காபி குடிக்கப் போயிடுவாங்க" என்று நான் எழுதியதில் பாதியை அடித்துவிடுவார். எழுதுவது பிடித்திருக்கிறது. போனில் பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

போன வாரம் டைரக்டர் மேடம், நம் நிறுவனத்தின் விடுதிக்குப் புதிதாக நிதி கேட்கிறோம், அங்கே தங்கிப் படித்தவள் நீ, உன் கதையையே எழுது என்றார். தேதிகளைச் சரிபார்க்க என் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன்.

சேர்க்கைப் படிவத்தில் 'தந்தை: காலமானார்' என்று இருந்தது.

வேறு யாருடையதோ என்று நினைத்தேன். என் பெயர், பிறந்த தேதி, அம்மாவின் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. பிறகுதான் எழுத்தைப் பார்த்தேன். மர மில்லில் வலது கை போனபின், இடது கையால் அப்படிச் சாய்த்து எழுதப் பழகியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இறந்த நாள் என்ற இடத்தில் கை போன நாளை எழுதியிருக்கிறீர்கள்.

தந்தை இல்லாத பிள்ளைகளுக்கு முழு இலவசம், மற்றவர்களுக்குப் பாதிக் கட்டணம். இதுதான் விதி. இன்றும் அதேதான்.

ஆறு வருடம் நீங்கள் விடுதிக்குள் வந்ததே இல்லை. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கையாட்டிவிட்டு அம்மாவை உள்ளே அனுப்புவீர்கள். கையை யாராவது பார்ப்பார்களே என்ற கூச்சம் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவை கோபத்தில் நான் கையாட்டவே இல்லை. யாரிடமும் வாய் திறக்காத பெண்ணாக இருந்ததால்தான் நாம் மாட்டவில்லை போலிருக்கிறது.

எழுதும்போது என்ன நினைத்தீர்கள் அப்பா? சான்றிதழ் யாரும் கேட்கவில்லையா? அம்மாவிடம் கேட்டால், "அதை உங்கப்பாகிட்டயே கேளு" என்று துடைத்த அடுப்பையே திரும்பத் துடைக்கிறாள்.

இரண்டு நாள் ஃபைலை டிராயரில் வைத்திருந்தேன். அதற்குமேல் முடியாமல் மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இப்ப இருக்காரா?" என்றார். நேற்றுகூட முட்டி வலிக்கிறது என்றாரே என்று உளறினேன். சிரித்துவிட்டார். பிறகு படிவத்தை மறுபடி படித்தார். "அவரைப் பொய் சொல்ல வச்சது நம்ம ரூல்தான். அப்பா இருந்தும் சம்பாத்தியம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் முழு இலவசம் வேணும்னு விண்ணப்பத்துல கேளு. ஆனா அவர் சம்மதிச்சாத்தான் இது வெளியே போகணும்" என்றார்.

எழுதி முடித்துவிட்டேன். அழுகை ஒரு பாராகூட இல்லை. இன்னும் அனுப்பவில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் கிழித்துவிட்டு வேறு பெண்ணின் கதையை எழுதுகிறேன். எனக்கு வருத்தமில்லை. சரியென்றால், இருபதாம் தேதி அறக்கட்டளைக்காரர்கள் நம் குடும்பத்தோடு பேச விடுதிக்கு வருகிறார்கள். லீவு கேட்டு வாருங்கள். வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், நேரம், யாரைப் பார்க்க, என்ன உறவு என்று எழுதச் சொல்வார்கள். நீங்களே எழுதுங்கள்.

சின்னவள் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

உங்கள் மகள்