சாப்பாட்டுக்கு முன் எடை

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் எடை பார்த்தாகிவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்தில் கனத்த ஆட்களை மிரட்டி இளைக்க வைப்பதுதான் என் வீட்டுக்காரருக்குத் தொழில். அந்த வித்தையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மிரட்டுவதற்கு எங்கள் நாலு வயதுப் பெண்தான் கிடைத்தாள். பல் தேய்த்ததும் அவள் எடை மெஷின் மேல் ஏற வேண்டும். முள் கூடியிருந்தால் திட்டு, அதோடு காலைச் சாப்பாடு பாதி. "கொஞ்ச நாள் கண்டிப்பா இருந்தா தானா இறங்கும்" என்கிறார். மாசக்கணக்காகிவிட்டது. எங்கே இறங்குகிறது? ஏறுகிறது.

ஜூன் 6

ஏறுவதற்கு முன்னால் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். யார் சொல்லிக்கொடுத்தது இதை? "பாத்தியா, என்ன விவரம்" என்று இவர் சிரிக்கிறார்.

ஜூன் 11

குழந்தை மருத்துவரிடம் போனோம். போன மாதம் பிடரியிலிருந்து கொஞ்சம் முடி வெட்டி எடுத்திருந்தார். மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் முடியிலும் சேருமாம். பாப்பாவுக்கு அது அதிகம். வேறு நோய் எதுவும் இல்லையென்று மற்ற பரிசோதனைகளில் தெரிந்துவிட்டது.

"பயம் நீடிச்சா இது கூடலாம். பசியும் எடுக்கும், வயித்துல கொழுப்பும் சேரலாம். இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வீட்ல எதுக்காவது பயப்படுறாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "செல்லமாத்தான் வளர்க்கிறோம் டாக்டர்."

செல்லமாம். எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். "முதல்ல அந்த மெஷினை நிறுத்துங்க. எடையை இங்க நான் பாத்துக்கிறேன்" என்றார் மருத்துவர்.

ஜூன் 12

இவர் மறுபடியும் அவளை மெஷினில் ஏற்றினார்.

"டாக்டர் ஆயிரம் சொல்வாங்க. என்கிட்ட வந்து எத்தனை பேர் இளைச்சிருக்காங்க தெரியுமா?"

"அவங்களுக்குப் பிடிக்கலன்னா நாளைக்கு வராம நின்னுடலாம். இவ எங்கங்க போவா?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது — எங்க போவாளா? நான் கூட்டிட்டுப் போறேன். யாரு தடுக்கிறாங்கன்னு பாக்கிறேன்.

ஜூன் 13

அக்கா வீடு.

ஜூன் 17

பல் தேய்த்துவிட்டுக் குளியலறை வாசலிலேயே நின்றாள். "எங்கேம்மா ஏறணும்?" அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கேயும் ஏற வேண்டாம், சாப்பிட வா" என்றேன். வந்தாள். தட்டில் பாதியைத் தானாகவே ஒதுக்கி வைத்தாள். அந்த மனுஷனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 25

இன்று இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். போட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

இவர் வந்தார். மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். பெரிய தியாகம். "அப்பா" என்று ஓடினாள். ஓடட்டும், அவளுக்கு அப்பாதானே. இரண்டு கையாலும் தூக்கினார். அவள் சிரிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"கூடிடுச்சாப்பா?"

அவளை இறக்கிவிட்டு, செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.