கரிக் கோடுகள்

திகன,
16.2.1932

அன்புள்ள மர்சூக் நானாவுக்குத் தம்பி தாஸிம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

கொழும்பில் பேராசிரியரிடம் நீங்கள் கொடுத்த என் கட்டுரையை இருபதாம் திகதிக்குள் திரும்ப வாங்கிவிடுங்கள். லண்டன் புலமைப்பரிசில் அதை நம்பித்தான் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். கட்டுரை பிழை.

விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். வால்வெள்ளியின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்துப் படம்பிடித்தால், அதில் கரி இருப்பதைக் காட்டும் கோடுகள் விழும். அது பழைய செய்தி. சில சிவந்த நட்சத்திரங்களிலும் அதே கோடுகள் உண்டு. என் வால்வெள்ளிப் படங்களில் அவை எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுக்கு அழுத்தமாக விழுந்தன. நட்சத்திரங்களைச் சுற்றி உண்டாகும் கரிதான் வால்வெள்ளிக்கு வந்து சேர்கிறது என்று அதை வைத்துத்தான் எழுதினேன்.

ஒன்பது படமும் நோன்பு மாதத்தில், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம், பின்முற்றத்தில் எடுத்தவை. பெருநாள் முடிந்து இன்னொன்று எடுத்தேன். வால்வெள்ளி அப்படியே இருக்கிறது, கோடு பாதிகூட இல்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வில்லை சரி, படம் கழுவும் மருந்து சரி. வால்வெள்ளிக்கும் நோன்பு முடிந்துவிட்டதாக்கும் நானா, இனி அதுக்கு ஸஹர் சமையல் இல்லை என்று தங்கச்சி றிஸானா கிண்டலடித்தாள். அப்போதுதான் உறைத்தது.

நீங்கள் அனுப்பிய மண்ணெண்ணெய் அடுப்பை உம்மா குசினி யன்னலோரம் வைத்துத்தான் ஸஹருக்குச் சமைப்பார். அதன் நீலச் சுவாலையிலும் இதே கரிக் கோடுகள்தான். என் தொலைநோக்கிக் குழாயின் மூட்டில் மயிரிழை இடைவெளி, அதன் வழியே அடுப்பின் ஒளியும் உள்ளே புகுந்திருக்கிறது. ஆறடி தூரத்தில் அடுப்பு எரிவதைக் கணக்கில் எடுக்காதது என் மடத்தனம். குழாயை வெறும் வானத்துக்குத் திருப்பி, றிஸானாவை அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னேன். கோடுகள் அச்சொட்டாக விழுந்தன.

யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இருடா என்பீர்கள். எனக்குத் தெரியுமே. தம்பி லண்டன் போறான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்தது நீங்கள், நீங்களே சமாளியுங்கள். நான் பன்வில தேயிலை ஆலையில் பரிசோதனை வேலையைத் தொடர்கிறேன். பேராசிரியருக்குத் தனியாக எழுதிவிட்டேன், ஆனாலும் நீங்கள் நேரில் போக வேண்டும்.

உம்மாவிடம் அளவு பிழைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். முப்பது நோன்பும் உனக்காகத் துஆ கேட்டேனே, எப்படிப் பிழைக்கும் என்று கேட்டார். நேரமாகிறது என்று வேலைக்குக் கிளம்பிவிட்டேன். விஷயம் தெரிந்தால் அடுப்பை அலுமாரிக்கு மேல் தூக்கிவைத்துவிட்டு, மறுபடி ஈரவிறகை ஊதி இருமத் தொடங்கிவிடுவார். வரும்போது வாய்தவறியும் உளறிவிடாதீர்கள். அடுப்பின் துளை அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, குத்துகிற ஊசி நாலைந்து வாங்கி வாருங்கள்.

அல்லாஹ் உங்களைச் சுகமாய் வைக்கட்டும்.

தம்பி,
தாஸிம்