தலையாட்டியதால் வந்த விருந்து

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் நலமாகத்தான் இருப்பாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இன்று காலை எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்து முதலில் வலது காதில் வைத்துப் பார்த்தேன், பிறகு இடது காதில் வைத்துப் பார்த்தேன். அவர் போர்வைக்குள்ளிருந்தே "மணி பார்க்கக் கண்ணு போதாதா" என்றார், கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கடிகாரத்தைக் காதில் வைத்தது ஏன் என்று பிறகு சொல்கிறேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில் ஆண்டுக் கடைசி விருந்து வருகிறது, இந்தத் தடவை பொறுப்பு என் தலையில். எப்படி என்று கேட்காதே, கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். போன வருடம் பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்து அலறவிட்டார்கள், அந்தச் சத்தத்தில் மேனேஜர் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, மரியாதைக்குச் சிரித்துக்கொண்டே பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவைத்தேன். அடுத்த விருந்தை நீங்கள் நடத்துகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். போன வாரம் வந்து "ஏற்பாடெல்லாம் எது வரைக்கும் வந்திருக்கு" என்றபோதுதான் எனக்கே தெரியும். ஒரு துண்டு வாங்கக்கூட ஒரு வாரம் யோசிப்பவள் என்று என்னைக் கேலி செய்வாயே, யோசிக்காமல் ஒப்புக்கொண்ட ஒரே காரியம் இது.

ஆட்டிய தலையைத் திரும்ப வாங்க முடியாதே, அதனால் ஒவ்வொருவரிடமும் போய் போன தடவை என்ன சங்கடம் என்று கேட்டேன். லென்ஸ் தேய்க்கும் பிரிவில் ஊன்றுகோலோடு நடக்கும் அண்ணனை நாலு பேர் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப்போனார்கள், மாப்பிள்ளை ஊர்வலம் என்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம், "எனக்கு மட்டும் ஏம்மா அன்னிக்குச் சிரிப்பே வரல" என்று இப்போது கேட்கிறார். குடியை விட்ட டிரைவர் "ஒண்ணே ஒண்ணு" என்ற தொல்லைக்குப் பயந்து வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டாராம். பேக்கிங் பெண்கள் கடைசி பஸ்ஸுக்காகப் பாதித் தட்டோடு எழுந்து ஓடியிருக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை பகலில், கீழ்த்தளத்தில். எல்லோர் கையிலும் மூடி போட்ட ஒரே மாதிரி கோப்பை, யார் எதைக் குடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பண்டத்தில் என்ன சேர்த்திருக்கிறது என்று பெரிய எழுத்தில் அட்டை, வராதவர்களை ஏன் வரவில்லை என்று குடையக் கூடாது. மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "இது விருந்தா, தீயணைப்பு ஒத்திகையா" என்றார். கணக்குப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், உன் வயது, வாயும் உன்னுடையதேதான், "எத்தனை மணிக்குச் சிரிக்கணும்னும் சொல்லிடுங்க மேடம்" என்றாள்.

அவள்தான் நேற்று, "எல்லாரையும் கேட்டீங்களே, உங்களுக்கு என்ன வேணும்" என்றாள். எனக்கென்ன, ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன் என்றேன். "ஸ்பீக்கர் வேணாம்னு சொல்லுங்க மேடம். ரெண்டு வருஷமா நாங்க எல்லாரும் உங்க வலது பக்கமா வந்துதானே பேசுறோம்" என்றாள். யோசித்துப் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் என் இடது பக்க நாற்காலி எப்போதும் காலி, பை வைக்க வசதியாக இருக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் மறைப்பதில் கெட்டிக்காரி என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. நீ போனில் மூச்சுவிடாமல் பேசுவாய், நான் 'ம்' போடுவேன், "நீ காதுலயே வாங்கலம்மா" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாய். எனக்கு வலது காதிலும் போன் சத்தம் இப்போது தெளிவாக விழுவதில்லையடி. போன மாதம் நீ பேசும்போது அழுதாய் என்று, பிறகு போனை வாங்கிப் பேசிய அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போதும் நான் 'ம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நன்றாக இரு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. அன்றைக்கு ஏன் அழுதாய் என்று மறக்காமல் எழுது, அப்பாவிடம் சொல்லியனுப்பாதே, எனக்கு எழுது. கடிகாரம் வலது காதில் மெல்ல டிக் டிக் என்றது, இடது காதில் ஒன்றுமே இல்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போகப்போகிறேன். மெஷின் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்வேன், விருந்தன்று முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டுதான் போவேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன்
அம்மா