சுண்ணாம்பு ஏற்றிய கப்பல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். அப்பா எப்படி என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், பதறாமல் படி.

அப்பாவின் கப்பல் வந்துவிட்டது, ஆனால் துறைமுகத்துக்குள் விடவில்லை. நம் மாடி ஜன்னலில் நின்றால் தெரிகிற தூரத்தில் ஐந்து நாளாக நங்கூரம் போட்டு நிற்கிறது. இந்தத் தடவையும் சுட்ட சுண்ணாம்புதான் சரக்கு. ஓடு, உப்பு, உன் பள்ளிக்கூடத்து பெஞ்சு என்று எல்லாம் சுமந்த பாய்மரக் கப்பலுக்கு வயசான பிறகு வேறு யார் சரக்குக் கொடுக்கிறார்கள். வழியில் பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்து, சுண்ணாம்பு கொதித்து, உள்ளே மரம் பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொதிக்கும், அதனால் சரக்கறையை மூடி, அதே சுண்ணாம்பைக் குழைத்து ஒரு இடுக்கு விடாமல் பூசி, காற்றில்லாமல் தீ தானாகச் சாகட்டும் என்று காத்திருக்கிறார்கள். உன் அப்பா செருப்பில்லாமல் மேல்தளத்தில் நடந்து நடந்து சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறாராம். புதிதாக வந்த துறைமுக அதிகாரி குழாய் வைத்து அணைக்கிறேன் என்று கிளம்பினார். நேராக அவர் அறைக்குப் போய், சார், ஒரு சொட்டு உள்ள போனாலும் கப்பல்ல இருக்கிற ஆறு பேரும் கரியாயிடுவாங்க, அனுபவஸ்தர் சொல்றதக் கேளுங்க என்றேன். நல்லவேளை, மனுஷன் கேட்டார்.

நீங்களாவது இறங்கி வந்துவிடுங்கள் என்று படகுக்காரரிடம் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். சூடு குறையுதுன்னு சொல்லு, இப்ப விட்டுட்டு வந்தா எப்படி என்று பதில் வந்தது. சக்களத்தி ஒருத்தி வந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன், ஐம்பது வருஷத்துக் கப்பல் கட்டையை என்ன செய்வது.

மேலே எழுதி இரண்டு நாள் ஆகிறது. இன்று காலை பூச்சு வெடித்துவிட்டது. ஜன்னலில் பார்த்தால் கப்பலில் புகை, கரையை நோக்கி ஒரு சின்னப் படகு. எண்ணினேன், ஐந்து தலைதான். படி இறங்கி எப்படி ஓடினேனோ தெரியாது. படகு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, உன் அப்பா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். பின்னால் பாய்மரம் எரிந்து விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. சூடு குறைகிறது என்று சொல்லியனுப்பிய மனிதரின் இரண்டு பாதமும் கொப்புளம். கட்டுப்போட்டிருக்கிறார்கள், பத்து நாளில் நடக்கலாம் என்கிறார் டாக்டர், நீ கவலைப்படாதே.

எனக்கு அழுகை நிற்கவில்லை. கப்பலுக்காக அழுகிறேன் என்று நினைத்து, போனது போகட்டும், அழாத என்று என் முதுகைத் தட்டித் தேற்றினார். ஆள் வந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது.

குழந்தைக்கு என் முத்தம், மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, கப்பல் போனதற்கு வருத்தப்பட்டு எழுது. என்னால் அது முடியவில்லை.

உன் அம்மா